எண்சுவடியில் கழித்தல்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில், மாலை வேளையில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. குழந்தை பள்ளிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. பள்ளியில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எண்ணக் கற்ற குழந்தை அது. பக்கத்தில் அமர்ந்த பாட்டி, "பதினைந்தில் எட்டுப் போக எத்தனை?" என்று தமிழில் கேட்கிறாள். குழந்தை ஒரு கணம் தயங்குகிறது. விடை தெரியாமல் அன்று, கேள்வி வந்த மொழியில் எண்ணிப் பழகாததால். கூட்டலில் இந்தத் தயக்கம் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. கழித்தலில்தான் தோன்றுகிறது. கூட்டல் விரல் விட்டு எண்ணினாலும் வந்துவிடும். கழித்தலுக்கோ மனத்தில் ஏற்கெனவே ஒரு வாய்பாடு பதிந்திருக்க வேண்டும்.

அந்த வாய்பாடு நம் முன்னோரிடம் எப்படி இருந்தது, எதற்காக இருந்தது, எப்படி மறைந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது. கழித்தலைச் சிறு பிள்ளைகளின் பாடம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வரியும் கூலியும் கடனும் வாரமும் கழித்தலால் தீர்ந்த கணக்குகளே. "மிச்சம் எவ்வளவு?" என்பதைத் தானே அறிந்துகொள்ளக் கூடியவன் ஒருவன், பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரிது.

முதலில் நம் எண்ணுப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது என்ற சொல் 'பது' என்று முடிகிறது. ஆனால் அது பத்து அன்று, பத்துக்கு ஒன்று குறைவு. தொண்ணூறு 'நூறு' என்று முடிகிறது. ஆனால் நூற்றுக்குப் பத்துக் குறைவு. தொள்ளாயிரம் 'ஆயிரம்' என்று முடிகிறது. ஆனால் ஆயிரத்துக்கு நூறு குறைவு. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதற்கும் தொல்காப்பியம் தனியே புணர்ச்சி விதி கூறுகிறது. ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்ற பழஞ்சொல்லும் தமிழில் வழங்கியது. வரப்போகும் முழு எண்ணை முன்கூட்டியே நோக்கி, அதிலிருந்து குறைத்துச் சொல்லும் மனப்போக்கை இப்பெயர்களில் காண்கிறோம்.

வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு இதே போக்கு வேறொரு வடிவில் பழக்கமானதே. இந்தியில் பத்தொன்பதை 'உன்னீஸ்' என்கிறோம். இருபதுக்கு ஒன்று ஊனம், அதாவது ஒன்று குறைவு, என்ற வடமொழிச் சொல்லின் வழி வந்தது அது. உன்தீஸ், உன்தாலீஸ், உன்சாஸ், உன்சட் என்று இருபத்தொன்பதும் முப்பத்தொன்பதும் நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்பதும் அவ்வாறே வருகின்றன. மராத்தியில் 'ஏகோணீஸ்', வங்காளியில் 'உனிஷ்' என்பனவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தமிழ்ப் பிள்ளைக்கு இருபத்தொன்பது என்பது இருபதும் ஒன்பதும். தில்லிப் பிள்ளைக்கு அது முப்பதுக்கு ஒன்று குறைவு. கடிகாரத்தைப் பார்த்து நாம் "ஒன்றே முக்கால் மணி" என்று கூட்டிச் சொல்கிறோம். அவர்கள் "பௌனே தோ", அதாவது இரண்டுக்குக் கால் குறைவு, என்று கழித்துச் சொல்கிறார்கள். புதிதாகக் கரோல்பாக் கடைத்தெருவுக்குச் சென்ற தமிழர் பலர், 'பௌனே தோ' என்பதை இரண்டே முக்கால் என்று கொண்டு ஏமாந்ததுண்டு. சொல்லில் மறைந்திருக்கும் கழித்தலை உணராததே அதற்குக் காரணம்.

இனிக் கல்லில் வெட்டிய கழித்தலைக் காண்போம். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்களின் வருவாயை அளித்தான். அந்தக் கல்வெட்டுகளில் ஊர்தோறும் கணக்கு ஒரே முறையில் நடக்கிறது. முதலில் அளந்தபடி ஊரின் மொத்த நிலம் கூறப்படுகிறது. அடுத்து, ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறையர் சேரி, சுடுகாடு என வரி செலுத்தாத இடங்கள் எண்ணப்படுகின்றன. இவற்றுக்கு 'இறையிலி நீங்கு நிலம்' என்று பெயர். அதை மொத்தத்தினின்றும் நீக்கியபின் நிற்கும் நிலத்துக்கே இத்தனை கலம் நெல் என்று காணிக்கடன் விதிக்கப்படுகிறது. 'நீங்கு', 'நீக்கி' என்ற சொற்களே அக்காலத்துக் கழித்தற்குறி. சுடுகாடும் வாய்க்காலும் கழிக்கப்படாமல் போயிருந்தால், விளையாத மண்ணுக்கும் உழவன் நெல் அளந்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் கழித்தல் ஓர் ஊரின் சோற்றோடு தொடர்புடையது.

அக்கணக்கில் வரும் பின்னங்கள் நம்மை வியக்கச் செய்பவை. வேலி ஒன்றை இருபது மாவாகவும், மா ஒன்றை நான்கு காணியாகவும், காணி ஒன்றை நான்கு முந்திரியாகவும் பகுத்தனர். ஆகவே மா என்பது 1/20, காணி என்பது 1/80, முந்திரி என்பது 1/320. இவற்றோடு அரைக்காணி 1/160, அரைமா 1/40, முக்காணி 3/80, இருமா 1/10, நாலுமா 1/5 என்பனவும் உண்டு. மற்றொரு வரிசையில் மாகாணி அல்லது வீசம் 1/16, அரைக்கால் 1/8, மூன்று வீசம் 3/16, கால், அரை, முக்கால் என்பன வரும். முந்திரிக்கும் கீழே சென்று, முந்திரியின் முந்திரியைக் கீழ்முந்திரி என்றனர். அது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. 320 என்ற எண்ணை அடியாகக் கொண்டதிலும் ஓர் அறிவு உண்டு. அதை இரண்டாலும் நான்காலும் ஐந்தாலும் எட்டாலும் பத்தாலும் பதினாறாலும் இருபதாலும் மீதியின்றி வகுக்கலாம். கால், அரை என்ற வரிசையும், மா, காணி என்ற வரிசையும் அந்த ஓர் எண்ணில் வந்து கூடுகின்றன.

இப்பின்னங்களில் கழித்தல் எப்படி நடந்தது? ஒன்றில் ஒரு முந்திரி போக எவ்வளவு என்று கேட்டால், 319/320 என்று நாம் இன்று எழுதிவிடுவோம். அக்காலத்து மாணவன் அதைப் பெயர்களாகவே சொல்ல வேண்டும். முக்கால், நாலுமா, முக்காணி, அரைக்காணி, முந்திரி என்பது அவன் விடை. முந்திரிக் கணக்கில் இவை முறையே 240, 64, 12, 2, 1, கூட்டினால் 319. இவ்வளவையும் தாளில்லாமல், வாயால், தயங்காமல் சொல்ல வேண்டும். ஒன்றில் ஒரு வீசம் போனால் முக்காலும் மூன்று வீசமும் நிற்கும். "முக்காலே மூணு வீசம் முடிந்துவிட்டது" என்று, அநேகமாக முழுவதும் என்ற பொருளில், இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோம். நாம் அறியாமலே நம் நாவில் தங்கிவிட்ட பழைய கழித்தல் விடை அது!

இந்தக் கல்வியின் இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னர் பனையோலையில் எழுத்தாணி பிடித்தனர். கணக்குக்கென்று பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து எனச் சுவடிகள் இருந்தன. பொன்னிலக்கம் எண்ணும் பின்னமும் ஒன்றோடொன்று கூடிப் படிப்படியாக மேலேறும் வரிசை. நெல்லிலக்கம் அதுபோன்றே தானிய அளவைகளின் வரிசை. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. குழிமாத்து நில அளவுக்கு உதவுவது. இவற்றைக் கடந்தவர்கள் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களுக்குச் சென்றனர். மாலையில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் முறை சொல்வார்கள். தெருவில் போகிறவர்களின் செவியிலும் அந்த வாய்பாடு விழும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1823ஆம் ஆண்டில் பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த காம்பெல் என்பவர் தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அது தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி. ஆயினும் திண்ணைக் கல்வியின் போக்கு தென்னாடு முழுவதும் பெரிதும் ஒத்திருந்தது. மாணவன் கூட்டல் வாய்பாட்டை மனப்பாடம் செய்து, நூறு வரை எண்ணக் கற்று, அதன் பிறகே பணத்தைக் கூட்டவும் கழிக்கவும் எளிய கணக்குகளை எழுதுகிறான் என்று அவர் குறிக்கிறார். பின்னங்களைக் கற்பிப்பதில் மிகுந்த சிரத்தை காட்டப்படுவதையும், அவை பத்துப்பத்தாக அல்லாமல் நான்குநான்காகக் குறைந்து செல்வதையும் அவர் எடுத்துரைக்கிறார்.

மனப்பாடம் செய்தது கூட்டல் வாய்பாடு. போட்ட கணக்கு கழித்தல். இரண்டுக்கும் இடையே உள்ள பாலம் எளியது. எட்டும் ஏழும் பதினைந்து என்று ஆயிரம் முறை சொன்ன பிள்ளைக்கு, பதினைந்தில் எட்டுப் போக ஏழு என்பதைத் தனியே கற்க வேண்டுவதில்லை. ஏறிய படியிலேயே இறங்குகிறான். ஒரு வாய்பாட்டை இருமுனையும் பிடித்து ஆளும் திறமையே அப்பள்ளிகள் அளித்த பயிற்சி. பிற்காலத்து அச்சு வாய்பாட்டுப் புத்தகங்களில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என நான்கும் தனித்தனிப் பக்கங்களில் வரலாயின. தேர்வுக்கு அது வசதிதான். ஆனால் நான்கும் தனித்தனி என்ற மயக்கத்தையும் அது பிள்ளைகளுக்குத் தந்துவிட்டது.

வாய்பாடு இன்றியமையாததாக இருந்ததற்கு எழுத்து முறையும் ஒரு காரணம். பழந்தமிழில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்நூற்றைந்தை ௩௱௫ என்று எழுதினர். நடுவே பூச்சியம் இல்லை. அவ்வாறு எழுதிய எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, தானந்தானமாகக் கழிப்பது எளிதன்று. மனமே பலகையாக இருந்தது. வடமொழிக் கணித நூலாரோ தானமுறையைக் கையாண்டனர். 1150ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில், கழித்தலை ஒன்றாம் தானத்திலிருந்தும் தொடங்கலாம், உயர்ந்த தானத்திலிருந்தும் தொடங்கலாம் என்ற விதி உண்டு. அங்கே ஒரு கணக்கு: 2, 5, 32, 193, 18, 10, 100 ஆகியவற்றைக் கூட்டி, வந்த தொகையைப் பதினாயிரத்திலிருந்து நீக்க வேண்டும். தொகை 360; நிற்பது 9,640. பலகையில் தூளைப் பரப்பி அதன்மேல் இலக்கங்களை எழுதுவோர், வேண்டும்போது ஓர் இலக்கத்தை அழித்து வேறொன்றை எழுதிக்கொள்ளலாம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் தடையில்லாமைக்கு அந்த வசதியே துணை.

நம் நெல் கணக்குக்கு மீண்டும் வருவோம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு படியில் ஐந்து, மற்றொன்றில் இரண்டு, வேறொன்றில் எட்டு, கடைசியில் மூன்று! பத்தாகக் கடன் வாங்கிப் பழகிய இன்றைய மாணவன் இங்கே திகைத்துப் போவான்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு பண்ணையாளுக்கு வர வேண்டிய நெல் 3 கலம் 2 குறுணி என்று கொள்வோம். அவன் முன்னமே வாங்கியது 1 கலம் 7 குறுணி 3 நாழி. மிச்சம் எவ்வளவு? மூன்று கலத்தில் ஒன்றை உடைத்துப் பன்னிரண்டு குறுணியாக்க வேண்டும். அப்போது 2 கலம் 14 குறுணி. குறுணியில் ஒன்றை உடைத்து எட்டு நாழியாக்க வேண்டும். அப்போது 2 கலம் 13 குறுணி 8 நாழி. இதில் வாங்கியது போக, 1 கலம் 6 குறுணி 5 நாழி நிற்கும். நெல்லிலக்கம் படித்த கணக்கப்பிள்ளை இதைக் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடுவார். களத்துமேட்டில் கைகட்டி நின்ற பண்ணையாளுக்கோ அது சரியா தவறா என்று அறிய வழி இல்லை. ஆறு குறுணி ஐந்து நாழி என்பதற்குப் பதில் ஐந்து குறுணி ஆறு நாழி என்று சொன்னாலும் அவன் தலையசைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த ஏழு நாழி நெல் அவன் வீட்டு அடுப்பில் ஏறாமலே போகும்.

திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பேசும்போது இதை மறைக்கலாகாது. சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளின் விவரம் கேட்டார். 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இக்கணக்கு. ஆனால் அப்பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட குலத்தாரின் குழந்தைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. உடலுழைப்புக்கு ஏற்ற வயது வந்தவுடனே ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்ப நேர்கிறது என்று காம்பெலும் எழுதியுள்ளார். நெல்லை அளந்தவர்களுக்கு வாய்பாடு இருந்தது. நெல்லை விளைத்தவர்களுக்கு இல்லை.

இதனிடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளின் அநாதை விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், ஒரு நாள் குதிரையில் செல்லும்போது, நம் நாட்டுப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அந்த முறையையும், கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் தம் பள்ளியில் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் மணலும் முறை சொல்லுதலும் கடல் கடந்து சென்ற அதே நூற்றாண்டில், நம் ஊர்களில் எண்சுவடியின் இடத்தைக் கற்பலகையும் அச்சுப் புத்தகமும் மெல்ல மெல்லப் பிடித்தன. பொன்னிலக்கமும் எண்சுவடியும் அச்சேறின என்பது உண்மையே. எனினும் அரசாங்கக் கணக்கும் தேர்வும் வேறு வழியில் சென்றபின் முந்திரிக்கும் காணிக்கும் வேலை குறைந்தது.

முற்றிலும் மறையாமல் எஞ்சி நின்றது அணாக் கணக்கு. பதினாறு அணா ஒரு ரூபாய். பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. ஒரு ரூபாயில் 5 அணா 4 தம்பிடி போக 10 அணா 8 தம்பிடி என்று கடைக்காரர் சில்லறையை எண்ணி வைப்பார். அணா என்பது ரூபாயில் வீசம். ஆகவே வீச வாய்பாடு கற்றவருக்கு அணாக் கணக்கு புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் புதிய நாணயம் வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. எடைக்கும் அளவுக்கும் 1956இல் சட்டம் செய்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை புகுத்தப்பட்டது. மாறுகாலத்தில் தபாலாபீசுகளிலும் கடைகளிலும் அணாவையும் நயா பைசாவையும் ஒப்பிடும் அட்டவணைகள் தொங்கின. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா ஆகையால் கால், அரை, முக்கால்களைத் தள்ளியோ ஏற்றியோ முழுமை செய்தனர். ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்பது அட்டவணை. இதில் மூன்று அணாவிலிருந்து ஓர் அணாவைக் கழித்தால் 13 வருகிறது. இரண்டு அணாவின் நேரே 12 என்று இருக்கிறது. அந்த ஒரு பைசா எங்கே போயிற்று என்று அந்நாளில் கடைவாசலில் கேள்வி எழுந்திருந்தால், கேட்டவர் கழித்தல் அறிந்தவர் என்றே கொள்ள வேண்டும்.

புதிய முறை ஒரு நன்மை செய்தது, அதை மறுப்பதற்கில்லை. எங்கும் பத்து, எப்போதும் பத்து என்றானபின், கழித்தலுக்கு ஐந்தும் எட்டும் பன்னிரண்டும் பதினாறும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. பத்தே பத்து இலக்கங்களின் கூட்டல் தெரிந்தவர் எந்தக் கணக்கையும் கழித்துவிடலாம். கணக்கப்பிள்ளையின் கையில் பூட்டிக் கிடந்த வித்தை கூலியாளின் மகளுக்கும் மகனுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. பழைய வாய்பாடுகள் மறைந்ததற்காக வருந்துவோர் இதையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அயல் மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்கு முந்திரியும் கீழ்முந்திரியும் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பதினைந்தில் எட்டுப் போக" என்ற தொடர் அவர்கள் செவிக்கு அந்நியமாகிவிடக் கூடாது. இருபது வரையிலான கூட்டலைத் தமிழில் ஏறவும் இறங்கவும் சொல்லிப் பழகினால் போதும்; மாலையில் கால் மணி நேரம் ஆகும். எட்டும் ஏழும் பதினைந்து என்று பாட்டி சொல்ல, பதினைந்தில் எட்டுப் போக ஏழு என்று பேரன் திருப்பட்டும். பிறகு உன்னீஸ் என்ற சொல்லில் எது குறைகிறது என்று அவன் பாட்டிக்குச் சொல்லித் தரட்டும். தொண்ணூற்றில் எது குறைகிறது என்று அவள் அவனுக்குச் சொல்லட்டும். இரு மொழி அறிந்த பிள்ளைக்கு இருபதை நோக்கி ஏறும் வழியும் தெரியும், இருபதிலிருந்து இறங்கும் வழியும் தெரியும்.

இன்று கைப்பேசியைத் தட்டினால் விடை வந்துவிடுகிறது. எனினும் கடையில் தரும் சீட்டிலும், கூலியில் பிடித்தம் செய்த தொகையிலும், கடனுக்குச் செலுத்தியது போக நிற்கும் நிலுவையிலும், பிறர் போட்ட கழித்தலையே நாம் அன்றாடம் காண்கிறோம். அது சரிதானா என்று மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பவரை ஏமாற்றுவது எளிதன்று. களத்துமேட்டில் கைகட்டி நின்ற அந்தப் பண்ணையாளுக்கு மறுக்கப்பட்டது இந்த ஒன்றுதான். அவனுடைய பேரப்பிள்ளைகள் இன்று நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், மிச்சம் எவ்வளவு என்று பிறரைக் கேளாமலே சொல்லக் கூடியவர்களாக இருக்க வேண்டும்.